மாப்பிள்ளைகளை மறந்த கம்ப்யூட்டர்

இருபத்தேழு மாப்பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். காலையிலிருந்து தேவநாதன் தன் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. அது போதாதென்று, இன்றைக்கு என்ன தேதி என்று கம்ப்யூட்டர் அவரையே கேட்டது.

“தேதிகூட ஞாபகம் இல்லாததுக்கு எதுக்குக் கரண்டு?” என்று அதை முறைத்தார். கூட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலி துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றாள்.

தேவநாதன் திண்டிவனத்தில் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறவர். 1988-இல் வரன் பார்க்கக் கம்ப்யூட்டர் வாங்கிய பெருமை அவருடையது. மயிலம் சுப்பராயலு தம் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வரன் பட்டியல் கேட்டிருந்தார். தவறினால் விழுப்புரத்துத் தரகரிடம் போவேன் என்றும் சொல்லியிருந்தார். அவர் போனால் மயிலமே அவர் பின்னால் போய்விடும்.

மெஷினை விற்ற சவுரிராயன் விழுப்புரத்திலிருந்து அந்த வாரத் திங்கட்கிழமை வந்தார். காலையில் சுவிட்சைப் போட்டதும் வழக்கம்போல் தேதி கேட்டதோடு சரி, அன்று பூராவும் கம்ப்யூட்டர் சமர்த்தாக இருந்தது.

“மெமரி பத்தல சார். ஆளுங்க சேரச் சேர மறந்துடுது.”

“விக்கும்போது ஊரையே ஞாபகம் வச்சிக்கும்னீங்களே?”

“அது சின்ன ஊரு சார்.”

தேவநாதன் அன்றைக்கே ஸ்கூட்டரை விற்று மெமரி வாங்கிப் போட்டார். இனி மறக்காது என்ற தைரியத்தில், இடையிடையே ஃப்ளாப்பியில் எடுத்து வைப்பதையும் விட்டார். செவ்வாயன்று எழுபது பேர் போனார்கள். புதனன்றும் போனார்கள். வியாழனன்று விடியும் முன்பே நடந்து வந்து உட்கார்ந்து ஏற்றியதால், நூற்றுப்பத்துப் பேர் போனார்கள்.

அவர் ஆத்திரத்தோடு சவுரிராயனுக்குப் போன் போட்டார். “ஸ்கூட்டரும் போச்சு, மாப்பிள்ளைங்களும் போயிட்டாங்க. தினம் நடந்துகினு வர்றேன் சார் நானு.”

“இன்னும் கொஞ்சம் மெமரி போட்டுப் பாக்கலாமா?”

“போட்டா என்னையே மறந்துடும். நாளைக்கு ஜல்தியா நேர்ல வாங்க.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு சவுரிராயனும் சுப்பராயலுவும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். பட்டியல் திரையில் முழுதாக இருந்தது. சவுரிராயன் நாற்காலியை இழுத்தார்.

“தொடாதீங்க. ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சி” என்றார் தேவநாதன். “பன்னெண்டு வரைக்கும் இங்க எந்த வேலையும் கிடையாது. கல்யாண விஷயம் பாருங்க.”

அதுவரை மூவரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தால், இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது கம்ப்யூட்டர்.

சுப்பராயலு மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “நான் விழுப்புரம் பஸ்ஸுக்குக் கெளம்பறேன்.”

தேவநாதன் “பாத்தீங்களா, இதுக்கா என் ஸ்கூட்டரை வித்தேன்?” என்று சவுரிராயன் மேல் பாய்ந்தார்.

“நாம இல்லாதப்ப யாராவது கை வச்சாங்களா சார்?”

“பாஞ்சாலி மட்டும்தான் இருக்கும்.”

பாஞ்சாலிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எதுக்கு மெஷின தொடறேன்? ராகு காலத்துல இங்க எதுவும் ஓடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? நீங்க டீ குடிக்கப் போனதும் மெயின் சுவிட்ச நிறுத்திட்டு, வர்றதுக்குள்ள போட்டு வெச்சிடறேன். திங்கக்கிழமதான் நாம தொறக்கறதுக்கு முன்னாடியே ராகு காலம் முடிஞ்சிடுது.”