கொத்துக்கரண்டியின் வருகைப் பதிவேடு

கீழே வருவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை என்று இதன்மூலம் சத்தியம் செய்து தரப்படுகிறது. சிமெண்ட்டில் மணல் கலப்பது தொழில். கதையில் கலப்பது பாவம். சந்தேகம் உள்ளவர்கள் சம்பந்தப்பட்ட குளியலறையை, முன் அனுமதி பெற்று, செருப்பைக் கழற்றிவிட்டு, நேரில் பார்வையிடலாம்.

மனித குலத்தை முன்னேற்றியவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நெருப்பை மூட்டியவன், சக்கரத்தை உருட்டியவன், மயக்க மருந்தைக் கண்டுபிடித்தவன் என்று அது நீண்டுகொண்டே போகிறது. அதில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். வீட்டில் வேலை நடக்கும்போது உண்டாகும் தாமதத்தை மனம் கோணாமல், முறைப்படி, கோப்பு போட்டுச் சமாளிப்பது எப்படி என்று உலகுக்குக் காட்டிய பெருமகன் அவர். பணி ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். தெருவில் எல்லோருக்கும் 'சூப்ரண்டு'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது ஓய்வூதியப் புத்தகத்தில் கசங்காமல் இருக்கிறது.

அவர் வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. கழிப்பிடமும் அதற்குள்ளேயே, குத்துக்காலிட்டு உட்காரும் பழைய மாதிரி. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. சுவரில் பிடிக்க எதுவும் இல்லை. நாற்காலி உயரத்தில் ஒன்று போட்டுவிடலாமே என்று அவள் கேட்டாள். சூப்ரண்டு தட்டிக்கழிக்கவில்லை. அலட்சியம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். தேதி இல்லை என்று திருப்பினார். தேதி போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு அந்த விண்ணப்பம் ஆறு வருடம் பரிசீலனையில் இருந்தது. ஆறு வருடமா என்று அவசரக்காரர்கள் வாயைப் பிளக்கலாம். அவருடைய அலுவலகத்தில் ஒரு கோப்பு ஆறு வருடத்தில் மேசையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வந்துவிட்டால் அதற்கு 'துரித நடவடிக்கை' என்று பெயர்.

ஏழாவது வருடம் அனுமதி வழங்கப்பட்டது. மேஸ்திரி ஒருவர் அமர்த்தப்பட்டார். ஒல்லியான ஆள், காதில் பென்சில், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். இருபத்தொரு நாளில் முடித்துவிடலாம் என்றார். தூசி ஒத்துக்கொள்ளாது என்று வீட்டம்மாள் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள்.

“வேலை முடிஞ்சதும் சொல்லுங்க, வந்துடுறேன்” என்றாள். சூப்ரண்டு அதைக் குறித்துக்கொண்டார்.

முதல் நாள் பழைய குளியலறை உடைக்கப்பட்டது. இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் ஓடு, தொட்டி, குழாய், கதவு நிலை எல்லாம் தூள். இந்த வரலாற்றில் குறித்த நேரத்துக்கு முடிந்த முதல் நிகழ்ச்சி அது. ஒரு வீட்டை உடைத்துப் போட்டுவிட்டால் அந்த வீடு வேறு மேஸ்திரியைத் தேடிப் போகாது என்பது தொழிலின் பாலபாடம். உடைத்து முடித்ததும் மேஸ்திரி தன் கொத்துக்கரண்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கைகழுவினார். மறந்துவிட்டுப் போகிறாரோ என்று சூப்ரண்டு நினைவூட்டினார்.

“அது இங்கயே இருக்கட்டும் சார். கரண்டி இருந்தா நான் இருக்கற மாதிரி.”

வேறொருவராக இருந்தால் இதைக் கேட்டதும் கரண்டியை அவர் கையிலேயே திணித்திருப்பார். சூப்ரண்டுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாற்காலி முதுகில் துண்டு தொங்கினால் அதிகாரி வந்திருக்கிறார் என்று ஏற்றுக்கொள்ளும் உயர்ந்த மரபில் முப்பத்துநான்கு வருடம் வளர்ந்தவர் அல்லவா! அன்று மாலையே நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, கோடு கிழித்து, 'வருகைப் பதிவேடு' என்று தலைப்பிட்டார். மறுநாள் மேஸ்திரி வரவில்லை. பதிவேட்டில் ஏறியது: 'கொத்துக்கரண்டி: வருகை.' அதற்கு அடுத்த நாளும் அப்படியே. முதல் மாத முடிவில் கரண்டியின் வருகை நூற்றுக்கு நூறு. கரண்டியோடு விட்டுப்போயிருந்த, மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டை மட்டும் இரண்டு நாள் காணவில்லை. அதனிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை எழுதி, அது இருந்த இடத்தில் ஒட்டினார். மூன்றாம் நாள் கட்டை திரும்பி வந்துவிட்டது. நிர்வாகம் என்றால் இதுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு 'முன்னேற்ற ஆய்வுக் கூட்டம்'. இடம், இடித்துப்போட்ட குளியலறை. தலைமை இருக்கை, புதுக் கழிப்பிடப் பீங்கான். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அதன்மேல் சூப்ரண்டு உட்கார்ந்துகொள்வார். கூட்டத்துக்கு மட்டும் மேஸ்திரி ஒருநாளும் தவறியதில்லை. தேநீர் உண்டு. பொருள் நிரல் படிக்கப்படும், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு உறுதி செய்யப்படும், அதில் உள்ள எழுத்துப் பிழைகள் விவாதிக்கப்படும், இருட்டிவிடும். ஐந்தாவது கூட்டத்தில் தண்ணீர்க் குழாய் இடப்பக்கமா வலப்பக்கமா என்று முடிவெடுக்கத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் ஒரே உறுப்பினர் சூப்ரண்டு. போதிய உறுப்பினர் வரவில்லை என்று துணைக்குழு இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. ஒருமுறை அவருக்கு ஜலதோஷம். இன்னொருமுறை வந்தார், ஆனால் அறிவிப்பு தனக்கு முறைப்படி வந்து சேரவில்லை என்று ஆட்சேபித்து வெளிநடப்புச் செய்தார்.

நாற்பதாவது நாள் அவரும் கொஞ்சம் பொறுமை இழந்தார் என்பதை மறைக்க முடியாது.

“என்ன மேஸ்திரி, நேத்து ஏன் வரலை?”

“சுவர் காயணும் சார்.”

“பூச்சு வேலையே இன்னும் பண்ணலையேப்பா.”

“அதான் சார் சொல்றேன். பூசணும்னா சுவரை முதல்ல நனைக்கணும். நனைக்கணும்னா தண்ணி வேணும். தண்ணிக்குக் குழாய் வேணும். குழாய் எந்தப் பக்கம்னு உங்க துணைக்குழு இன்னும் சொல்லலை.”

இப்படிப்பட்ட ஓர் அறிவு சிமெண்ட்டோடு வீணாகிறதே, அலுவலகத்தில் சேர்ந்திருந்தால் இந்நேரம் தனக்கே மேலதிகாரியாகியிருப்பானே என்று சூப்ரண்டுக்குக் கண் கலங்கியது.

இதற்கிடையில் குளிப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இடம் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் குளியலறைக்குப் போகும் வழி சிகிச்சை அறைக்குள் இருந்தது. துண்டும் சோப்புமாக மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார வேண்டும். முறை வந்ததும் டாக்டர் பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார். வேலை முடிந்தபோது சூப்ரண்டு உடம்பளவில் மிகச் சுத்தமாகத்தான் இருந்தார். கடைவாயில் இரண்டு பல் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வாசலில் கொட்டிய மணல்மேட்டில் தெருநாய் ஒன்று நான்கு குட்டி போட்டது. அவற்றையும் தளவாடப் பட்டியலில் சேர்த்து, நிறவாரியாக எண் கொடுத்தார்.

இத்தனையையும் தினமும் மாலை ஆறரைக்கு மனைவிக்குத் தொலைபேசியில் அறிக்கையாகப் படித்தார். மற்ற வீட்டுப் பெண்களாக இருந்தால் இந்நேரம் புலம்பித் தீர்த்திருப்பார்கள். இந்த அம்மாளின் பொறுமையை என்னவென்று சொல்வது!

“நிதானமாவே பண்ணட்டுங்க. அவசரப்படுத்தினா வேலை கெட்டுடும்” என்பாள். இன்னொரு நாள், டைல்ஸின் நிறத்தை இன்னொரு கூட்டம் போட்டு யோசித்தால் என்ன என்று அவளே யோசனை சொன்னாள். முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் அவள் நிர்வாகம் பழகிவிட்டாள் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் பழகக்கூடியவள்தான். பழைய குளியலறைக் கதவில் ஏழு விதிகள் எழுதி ஒட்டியிருந்தார்: குழாயை எத்தனை சுற்று திருகலாம், சோப்பை எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும், ஒரு குளியலுக்கு எத்தனை நிமிடம். கதவுக்கு வெளியே கடிகாரமும் கையுமாக நின்று அவரே குறித்தும் வைப்பார். ஒருநாள்கூட அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

ஆனால் அறுபதாவது நாள் வாக்கில் சூப்ரண்டுக்குள் ஏதோ ஆணி கழன்றது. வீட்டில் சுற்றறிக்கை ஒட்டினால் படிக்க ஆள் இல்லை. விளக்கை எட்டரைக்கு அணைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தானே போய் அணைத்தார். தானே இருட்டில் உட்கார்ந்திருந்தார். டப்பாவில் வந்த சாப்பாட்டைப் பிரித்து, உப்பு கூடிவிட்டது என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். சமையலறை பதில் சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் வேலையிடத்தை விட்டு நகர முடியாது. நகர்ந்த அன்றைக்கே மேஸ்திரி வந்துவிட்டால்?

அன்று மாலை அறிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். “எப்ப வர்றே?”

“வேலை முடியட்டுமேங்க.”

அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. நோட்டு மடியிலேயே இருந்தது.

அதிலிருந்து அவர் முழு மூச்சாக இறங்கினார். மேஸ்திரிக்கு நினைவூட்டுக் கடிதங்கள் பறந்தன. முப்பத்தொன்றாவது கடிதம் 'இறுதி' என்று சிவப்பு மையில் போனது. சொன்னால் நம்பமாட்டீர்கள், தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி வாசலில் நின்றார். கூடவே குழாய்க்காரர், டைல்ஸ் பதிப்பவர். சூப்ரண்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பொருள் நிரலை எடுத்தார்.

“கூட்டம் அப்புறம் போட்டுக்கலாம் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார். நான்கே நாள். குழாய் எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அது வலப்பக்கம் வந்தது, சரியாகவும் இருந்தது. தரையில் தண்ணீர் தேங்கவில்லை. நாற்காலி உயரத்தில் வெள்ளைப் பீங்கான். அதன் பக்கத்துச் சுவரில், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கம்பி. கம்பி கொஞ்சம் தாழ்வாக இல்லையா என்று சூப்ரண்டு கேட்டார்.

“அம்மா கைக்கு அதுதான் சார் சரியா வரும்.”

“அம்மா கை உயரம் உனக்கு எப்படித் தெரியும்?”

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்தார். “ஒரு குத்துமதிப்புதான் சார்” என்றார்.

முப்பத்தொன்றாவது கடிதத்தின் வலிமையை நினைத்து சூப்ரண்டுக்குப் புல்லரித்தது. மறுநாள் விடிந்ததும் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, நடவடிக்கைக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மச்சினி கதவைத் திறந்தாள். “வாங்க அத்தான். அக்கா மாடியில இருக்கா, கூப்பிடுறேன்” என்று அவரைக் கூடத்திலேயே உட்கார வைத்தாள்.

வீட்டம்மாள் இறங்கி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. மாடிப்படியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கினாள், ஆனால் முனகவில்லை. சூப்ரண்டு கோப்பைத் திறக்காமலே சொன்னார்: “முடிஞ்சுடுச்சு. கம்பிகூட வச்சிருக்கு. வா, போலாம்.”

“ரொம்ப சந்தோஷங்க. ஆனா புது வேலை. ஒரு மழைக்காலம் போகட்டும். கசியுதா, டைல்ஸ் தூக்குதான்னு பாக்க வேண்டாமா? அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

சூப்ரண்டு கோப்பின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார்.

“வீட்ல யாருமே இல்லை” என்றார்.

“தெரியுங்க” என்றாள் அவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தம்ளரை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ் பதினொன்றரைக்கு என்றாள்.

வழி நெடுக யோசித்துப் பார்த்ததில், அவள் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. மழைக்காலம் வர ஏழு மாதம் இருந்தது. பதிவேட்டில் அன்றைய தேதியில், 'வீட்டம்மாள் வருகை: நிலுவையில் உள்ளது' என்று எழுதி ஒப்பமிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுபெற்றோர் சங்கத்தில் 'வீட்டு வேலையில் தாமதம்: சமாளிக்கப் பதினான்கு வழிகள்' என்ற தலைப்பில் ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். பலத்த கைதட்டல். நினைவூட்டுக் கடிதத்தின் மாதிரிப் படிவம் வேண்டும் என்று பதினேழு பேர் எழுந்து நின்று கேட்டார்கள். பதினேழு பேருமே வீட்டில் இப்போது தனியாகத்தான் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் கூட்டத்துக்கு வர வசதியாக இருக்கிறதாம். சூப்ரண்டுக்குச் சால்வை போர்த்தப்பட்டது. மேஸ்திரிகளின் சோம்பலையும் பொய்யையும் வன்மையாகக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அந்த மேஸ்திரி அதே தொண்ணூற்றேழு நாளுக்குள், வீட்டம்மாள் கேட்டுக்கொண்டபடி, அவள் தங்கை வீட்டு மாடியில் அவளுக்கென்று குளியலறையோடு ஓர் அறையை, ஒரு கூட்டமும் இல்லாமல், சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கட்டிக் கொடுத்திருந்தார்.