நீலக்கோடு அண்ணனும் என் வீட்டு இன்சூரன்சும்

வெள்ளம் வடிந்ததும் மலர்ந்த முகத்தோடு தெருவுக்குள் நுழையும் மனிதர், எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் நீலக்கோடு அண்ணன். தொழில், வீட்டுக்கு பெயின்ட் அடிப்பது.

புக்கிட் பெலிம்பிங் பக்கம், தோட்ட வேலையை விட்டு வந்தவர்கள் கடன் போட்டு வாங்கிய வரிசை வீடுகள்தான் எங்கள் தாமான். ஆறு பொங்கினால் செருப்பைக் கழற்றாத விருந்தாளி மாதிரி நேராக ஹாலுக்கு வந்துவிடும். அது போனபின் நாங்கள் சேறு வாரிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் பெயின்ட் டின்னோடு வருவார். கூடவே தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாய் ஒன்று, மட்டம் பார்க்க. வெள்ளம் வந்த வீட்டுக்குக் கையோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவருகிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். தண்ணீர் நின்ற உயரத்தில் வீட்டு முன்சுவரில் நீலக்கோடு இழுத்து, மாதமும் வருஷமும் எழுதுவார். கோயிலில் கண்ணனுக்கு அடித்து மிஞ்சிய நீலம் என்பதால் யாரும் திட்டவும் முடியாது.

என் சுவரில் மூன்று கோடுகள் இருந்தன. முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்பளவு வந்த அன்று நான் வீரமாக நீந்திப் போய்க் காப்பாற்றியது டிவி ரிமோட்டை. டிவியை ஆறு எடுத்துக்கொண்டது.

"வீடு மாதிரியா இருக்கு? பிள்ளைங்க கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கு," என்பாள் என் மனைவி மகேஸ்வரி.

அப்போதுதான் இன்சூரன்சைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. புதுப் பிரீமியத்தைப் பார்த்ததும், வெள்ளம் இல்லாமலேயே எனக்கு மூச்சு முட்டியது. வெள்ளத்துக்கான பகுதியை விட்டுவிட்டால் மலிவு. ஆனால் அடுத்த தடவை ஆறு வந்தால், எங்களுக்கு இருக்கிற ஒரே சொத்தை எங்கள் செலவிலேயே தூக்கி நிறுத்த வேண்டும். அதோடு வந்த விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி: இந்த வீட்டில் இதற்குமுன் வெள்ளம் புகுந்ததுண்டா? பிரீமியம் குறையும் என்ற நப்பாசையில், 'இல்லை' என்று கூசாமல் குறித்தேன். சனிக்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் கோடுகளை மறைத்தாக வேண்டும்.

அவசரத்துக்குக் கிடைத்த ஒரே பெயின்டர் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணனேதான். கோடு போட்டவரையே கோட்டை அழிக்கக் கூப்பிட்ட மேதை நான்.

இரண்டு நாளில் சுவரைப் பால்போல் ஆக்கிவிட்டார். சனிக்கிழமை காலை கதவைத் திறந்து பார்க்கிறேன், வெள்ளைச் சுவரில் புத்தம் புதிதாக மூன்று நீலக்கோடுகள். அண்ணன் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"சுவரு உன்னுது தம்பி, அடிச்சிட்டேன். கோடு தண்ணியோடது. அத நான் எப்படிலா அழிக்கிறது?"

பதில் சொல்வதற்குள் வாசலில் கார். இன்சூரன்ஸ் கம்பெனியின் ரவாங் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் இறங்கினாள். நான் சுவரோடு முதுகை ஒட்டி, கோடுகளை மறைத்து, கல்யாண மண்டபத்தில் வரவேற்பவன் மாதிரி சிரித்தேன். பெயின்ட் ஈரம் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. உள்ளே அழைத்துப் போகத் திரும்பினேன். பின்னாலிருந்து அவள் குரல்.

"அண்ணே, உங்க முழங்கால், தொடை, இடுப்பு எல்லாம் நீலமா இருக்கே."

அதற்குமேல் அண்ணனை யார் தடுப்பது? சுவருக்குச் சுவர் கூட்டிப்போய், தெருவின் வெள்ளச் சரித்திரம் முழுவதையும் அவளுக்கு ஒப்பித்தார். அவள் எல்லாக் கோட்டையும் படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு என் அசட்டு முகத்தைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னாள். பிரீமியம் ஏறியது இந்தக் கோட்டால் இல்லை. இந்த வட்டாரம் முழுவதற்கும் ஏறுகிறது. வெள்ளம் அடிக்கடி வருகிறது, சிமெண்டும் கூலியும் விலை ஏறியதால் உடைந்ததைக் கட்ட முன்பைவிட அதிகம் ஆகிறது. போதாததற்கு, இன்சூரன்ஸ் கம்பெனியும் வேறொரு பெரிய கம்பெனியிடம் இன்சூரன்ஸ் வாங்குகிறது. அங்கேயும் விலை ஏறிவிட்டது.

அண்ணன் தலையாட்டினார். "ஒருத்தன் தோள்மேல ஒருத்தன் ஏறி நிக்கிறான். அடியில தண்ணிக்குள்ள நிக்கிறது நாமதான் போல."

அவள் பாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கால்சட்டையைப் பார்த்தாள். பேனாவை நீட்டி, "நான் கார்ல பைல் எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள திருத்திருங்க," என்றாள்.

திருத்தினேன். ஏறிய பிரீமியத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். அண்ணனோடு ஆறு மாதம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அது வேறு எரிச்சல்.

அடுத்த வெள்ளம் நெஞ்சளவு வந்தது. இழப்பீடு கேட்டபோது கம்பெனி என் பாரத்தையும் சுவரின் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுத்தது. வேறொரு கம்பெனியில் 'இல்லை' என்று குறித்திருந்த மூலைவீட்டுக்காரருக்குப் பணம் இல்லை என்ற கடிதம் மட்டும் வந்தது.

அந்த வெள்ளத்துக்கு அண்ணன் இல்லை. முழங்கால் தேய்ந்து, ரவாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சேறு வாரி முடித்ததும் சுவரைப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. கடைக்குப் போய் நீலப் பெயின்ட் வாங்கி வந்து, தண்ணீர்க் கறையைப் பார்த்து நானே கோடு இழுத்தேன். மாதமும் வருஷமும் எழுதிவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

நலமா, பிள்ளைகள் நலமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"தண்ணி ஜன்னல் கட்டைக்கு மேலயா, கீழயா?"

"மேலண்ணே. நானே கோடு போட்டுட்டேன்."

"மட்டம் பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. கோடு ஒருபக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. திருத்த மனம் வரவில்லை. அதைப் பார்த்துத் திட்டவாவது அவர் ஒருநாள் வருவார்.