தூக்கிய வண்டிக்கு ஒரு சஸ்பென்ஷன்

“தூக்கினதுலேருந்து ஒரே ஆட்டம். இனிமே சஸ்பென்ஷன்தான், வேற வழியே இல்ல. வீட்டுக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது!”

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் போனுமாக அவன் மெக்கானிக்கிடம் கத்திக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே ஒரு ஜோடி நீலச் செருப்பு வந்து நின்றது. எதிர்வீட்டு அக்காவின் செருப்பு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனது. அவன் கவனித்தான், ஆனால் கவலைப்படவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றி அந்த அக்காவுக்கு என்ன தெரியும்?

“கெட்டி ஸ்பிரிங்கா, மெது ஸ்பிரிங்கா? ஒண்ணு சொல்லுங்க சார்” என்றார் மெக்கானிக். “உயில் எழுதறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க.”

வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் ஜாதி. மலை, மணல், ஆறு எதுவும் இதற்குத் தடையில்லை என்று விற்றவர் சத்தியம் செய்தார். இதுவரை அது ஏறியதிலேயே பெரிய மலை, தெருமுனை வேகத்தடை. அப்படியிருந்தும் அவன் ஸ்பிரிங்குகளுக்கு மேல் இரும்புக் கட்டை கொடுத்து வண்டியை நாலு விரற்கடை தூக்கினான். கரடுமுரடான பாதைக்காக என்று வீட்டில் சொன்னான். உண்மையான காரணம் வேறு.

அவன் மனைவி பிசியோதெரபிஸ்ட். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்க் கை, கால்களை மடக்கி நீட்டிவிட்டு வருபவள். வாரத்தில் பாதி நாள் வண்டி அவளிடம்தான். திரும்பி வரும்போது இருக்கை முன்னால் நகர்ந்திருக்கும். கண்ணாடி வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தன் வண்டியில் தானே விருந்தாளிபோல ஏறுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவளோ குள்ளம். வண்டியைத் தூக்கிய மறுநாள் ஒரு காலை மேலே வைத்தாள். கதவைப் பிடித்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். காலை இறக்கிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தான். சாயங்காலம் தீர்ப்பு வந்தது.

“இனிமே இந்த வண்டிக்கு ஒரு திருகாணி வாங்கினாலும், வண்டி வாசல்ல இருக்காது. வித்துடுவேன்.”

சொன்னால் செய்கிறவள். அதுதான் சிக்கல். ஏனென்றால் வண்டியும் அவனைப் பழிவாங்க ஆரம்பித்திருந்தது. பழைய ஷாக் அப்சார்பர்கள் புது உயரத்துக்கு எட்டாமல் கையை நீட்டிக்கொண்டு தொங்கின. சின்னப் பள்ளத்துக்கும் டமார் என்றது. பக்கத்தில் லாரி போனால் வண்டி தலையாட்டியது. ஷாக்கையெல்லாம் வாங்கிக்கொண்டது அவனுடைய இடுப்பு. அவன் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்டியரிங் அவன் கை வியர்வையில் வழுக்கும். அதனால் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தான். மனைவி ஸ்கூட்டரில் கிளம்பியதும் வண்டியைப் பட்டறையில் விட்டு, புது சஸ்பென்ஷன் மாட்டி, ஒன்றும் தெரியாதவன்போல் வாசலில் நிறுத்திவிடுவதாகத் திட்டம். கெட்டியா, மெதுவா என்பது ஒன்றுதான் பாக்கி. கெட்டி வீரனுக்கு. மெது இடுப்புக்கு. வீரனா இடுப்பா என்று முடிவாகவில்லை.

சாயங்காலம் அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“ஏங்க, சஸ்பென்ஷனாமே?”

அவன் கையிலிருந்த டம்ளர் தானாகவே மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

“யா... யாரு சொன்னா?”

“எதிர்வீட்டு அக்கா. தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. எத்தன நாளைக்கு?”

“எத்தன நாளைக்குன்னா?”

“ஆபீஸ்ல உங்களை எத்தன நாளைக்குத் தூக்கி வெச்சிருக்காங்க?”

அவனுக்கு உயிர் வந்தது. வேலைதானே போயிருக்கிறது! வண்டி தப்பித்ததே!

“ஒரு வாரம்” என்றான். முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடப் போகிறதே என்று குனிந்துகொண்டான்.

“என்ன தப்பு பண்ணீங்க?”

இதற்கு அவன் தயாராக இல்லை. பணம் என்று சொன்னால் திருடன் ஆகிவிடுவான். பெண் விவகாரம் என்று சொன்னால் அடுத்த சஸ்பென்ஷன் வீட்டிலேயே கிடைக்கும்.

“மேனேஜரை எதிர்த்துப் பேசிட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான்.”

“எதிர்த்தா?”

“ஆமா.”

“எழுந்து நின்னா?”

அவன் யோசித்தான். “உக்காந்துகிட்டேதான்.”

“அதானே பாத்தேன்” என்று ஹெல்மெட்டைக் கழற்றினாள். “சரி விடுங்க. மனசு ஒடிஞ்சவங்க சும்மா உக்காரக் கூடாது. கை, காலுக்கு வேலை குடுக்கணும். நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. அன்பாகவே பரணை ஒழிக்கச் சொன்னாள். அன்பாகவே ஜன்னல் கம்பிகளைத் தேய்க்கச் சொன்னாள். மின்விசிறி இறக்கைகள், சமையலறைச் சாக்கடை, தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்த ஒட்டடை என்று ஒவ்வொன்றும் அவன் மனசைத் தேற்றக் காத்திருந்தது. பட்டறைப் பக்கம் போகலாமென்றால் வழியில்லை.

“வெளிய தல காட்டாதீங்க. நாலு பேர் கேப்பாங்க, எனக்குத்தான் அசிங்கம்.”

“அந்த போனையாவது குடு.”

“எதுக்கு? மேனேஜர் கூப்பிடுவாரு, நீங்க மறுபடி எதிர்த்துப் பேசுவீங்க. பேசிட்டா நிரந்தரமாத் தூக்கிடுவாங்க. என்கிட்டயே இருக்கட்டும்.”

எதிர்வீட்டு அக்கா ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“கவலப்படாதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையனுக்கும் இப்படித்தான் ஆச்சு.”

“அப்புறம் வேலைக்குத் திரும்பிட்டாரா அக்கா?”

“இல்ல. ஆனா நல்லா சாப்பிடறான்.”

வார நடுவில் அவன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தான். கீழே பழகிய இன்ஜின் சத்தம். தொட்டி விளிம்பில் மோவாயை வைத்து எட்டிப் பார்த்தான். அவனுடைய வண்டி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஓட்டினார்கள். முனையில் இருந்த வேகத்தடையில் ஒருமுறை எம்பி, பின்பக்கத்தை ஆட்டிவிட்டு மறைந்தது. கேட்டருகில் அவன் மனைவி நிதானமாகக் கொண்டியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டியிலிருந்து எப்படி வெளியே வந்தான், படிகளை எப்படிக் கடந்தான் என்பது அவனுக்கே தெரியாது. முழங்கால்வரை பச்சையாக அவள் முன்னால் நின்றான்.

“வண்டி எங்க?”

“குடுத்தனுப்பிட்டேன். வேலை இல்லாதவங்களுக்கு வண்டி எதுக்கு?”

“எனக்கு வேலை இருக்கு!”

“சஸ்பென்ஷன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சஸ்பென்ஷன் எனக்கில்ல! வண்டிக்கு! நான் லீவு போட்டிருக்கேன். மேனேஜரை எதிர்த்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசல. போன வாரம்கூட அவருக்குக் கதவு தொறந்துவிட்டேன்!”

“தெரியும்” என்றாள்.

“எது தெரியும்?”

“எல்லாம். உங்க மெக்கானிக்குக்கு இடுப்பு வலி. அவரு வீட்டுக்குப் போய் நான்தான் பாக்கறேன். குப்புறப் படுக்க வெச்சு முதுகை அமுக்கினா எல்லாரும் உண்மையத்தான் பேசுவாங்க. ‘மேடம், உங்க சார் ஒரு ஸ்பிரிங்கச் சொல்ல மாட்டேங்கறாரு’ன்னு அழுதாரு.”

“அப்போ அக்கா சொல்றதுக்கு முன்னாடியே...”

“முன்னாடியேதான்.”

அவன் படியில் உட்கார்ந்தான். பரண், ஜன்னல், சாக்கடை எல்லாம் கண்ணெதிரே வரிசையாக வந்தன. இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

“வித்துட்டியா?”

“பட்டறைக்கு அனுப்பியிருக்கேன். ஷாக், ஸ்பிரிங் எல்லாம் மாத்தி சாயங்காலம் வந்துடும்.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தான். கையெல்லாம் பாசி. “எந்த ஸ்பிரிங்?” என்று மட்டும் கேட்டான்.

“மெது. நோயாளி வீடுகளுக்குப் போற ரோடெல்லாம் குழி. உங்களுக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்கு.”

வீரன் ஒரு நிமிடம் துக்கம் அனுசரித்தான். இடுப்பு அதற்குள் நன்றி சொல்லிவிட்டது.

வண்டி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது. முன்புபோல எட்டிப் பார்க்கவில்லை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்ததுபோல் நின்றது. கட்டைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அவள் முன்பக்க மூலையில் உள்ளங்கையை வைத்து, ஒரு முழங்காலைச் சோதிப்பவள்போல் அழுத்திவிட்டு எடுத்தாள். வண்டி அமுங்கியது, எழுந்தது, நின்றது. இரண்டாவது ஆட்டம் இல்லை.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “என்னம்மா, திரும்ப எடுத்துக்கிட்டாங்களா?”

“எடுத்துக்கிட்டாங்கக்கா. திங்கக்கிழமையிலேருந்து வேலைக்குப் போறாரு.”

“அப்பாடா!” என்றது ஜன்னல். அதையே அவனும் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வண்டியும் இருந்தது, மானமும் இருந்தது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

“மெக்கானிக் ரொம்ப கவனமான ஆளு” என்றாள் அவள். “ஸ்பிரிங் எவ்வளவு மெதுவா இருக்கணும்னு முடிவு பண்ண, ஓட்டறவங்க எடை என்னன்னு கேட்டாரு. கரெக்டா சொன்னேன்.”

“என் எடை உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க எடையை அவரு ஏங்க கேக்கப் போறாரு?”

சொல்லிக்கொண்டே ஓட்டுநர் கதவைத் திறந்தாள். யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள்.

அவன் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான்.