சம்பந்திக்கு, என் இதயம் வலப்பக்கம் இருப்பது பற்றி

மதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி திரு. பரசுராமன் அவர்களுக்கு,

வியாசர்பாடியிலிருந்து கோதண்டம் ஜெய்பீம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ரமாபாயும் மகள் செங்கொடியும் நலம். எண்ணூரில் தாங்களும் அண்ணியாரும் மாப்பிள்ளை உதயாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலம் என்று எழுதியதைத் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதும் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நமக்கு நடுவில் நின்று சம்பந்தம் பேசிய வேம்பு அண்ணன் நேற்று வந்து, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தைத் தாங்கள் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொன்னதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு, "உனுக்கு நெஞ்சு ராங் சைடுல கீதாமே, அத்த ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி, எனக்கே போன மாதம்தான் தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நான் அட்டெண்டராக இருக்கும் கல்லூரியில், பி.ஏ., பி.காம். பிள்ளைகளும் தங்கள் உடம்பைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளட்டும் என்று இந்த வருடம் மனித உயிரியல் பாடம் போட்டு, அதை நடத்த ஒரு மெடிக்கல் காலேஜிலிருந்து டாக்டர் தஹ்சீன் மேடத்தைப் புதன்கிழமைதோறும் வரவழைத்தார்கள். மேடம் தங்கமானவர், ஆனால் இத்தனை வருடமும் செத்த உடம்பை வைத்தே பாடம் நடத்திப் பழகியவர். பாடத்துக்கு மனித உடல் பொம்மை வாங்கித் தருகிறோம் என்று சொன்ன ஆபீஸ் இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. சரி, பையன்கள் யாராவது சட்டையைக் கழற்றுங்கள் என்றால், பொண்ணுங்க இருக்காங்க என்று எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் பேனா தேடப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் ஒரு சர்க்குலரோடு உள்ளே நுழைந்தேன். என் உடம்பு தங்களுக்குத் தெரியுமே, பனியன் போட்டிருந்தாலும் விலா எலும்பை எண்ணிவிடலாம். மேடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ரமாபாய்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அன்று முதல் புதன்கிழமையானால் நான் மேஜைமேல் உட்காருவேன், மேடம் ஸ்கெட்ச் பேனாவால் என்மேல் நுரையீரல், கல்லீரல் என்று வரைவார், பிள்ளைகள் பார்த்து எழுதும். எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. இரைப்பை வரையும்போது சிரித்துவிட்டேன், கோடு தொப்புளைத் தாண்டிப் போய்விட்டது. "எங்க மெடிக்கல் காலேஜுல உடம்பு சிரிக்காது"ன்னு மேடம் அலுத்துக்கிட்டாங்க. சாயம் இருக்கே, அது தேங்காயெண்ணெய்க்கும் மசியல, சோப்புக்கும் மசியல. முதல் நாள் ரமாபாய் பாத்துட்டு, "இன்னாய்யா இது, எவ வரைஞ்சது?"ன்னு கேட்டா. டாக்டரம்மான்னேன். அப்புறம் ரெண்டு நாளைக்கு சோத்த நானே போட்டுக்க வேண்டியதாப் போச்சு.

போன மாசம் இதயப் பாடம். மேடம் புஸ்தகத்துல உள்ளபடி இடது பக்கம் சிவப்பா, அழகா ஒரு இதயம் வரைஞ்சு, ஸ்டெதாஸ்கோப்ப இங்க வெச்சா லப்டப்னு கேக்கும், ஒவ்வொருத்தரா வாங்கன்னாங்க. பி.காம். படிக்கிற அறிவு மொதல்ல வந்தான். வெச்சான், கண்ண மூடினான், ரொம்ப நேரம் நின்னான். "ஒன்னும் கேக்கல மேடம்." நல்லா அழுத்தி வைன்னாங்க. "அழுத்தித்தான் மேடம் வெச்சிகினு கீறேன்." அடுத்து ஹெப்சிபா, ராயபுரத்துப் பொண்ணு, தமிழ் இலக்கியம். அது கேட்டுட்டுக் கண்ணுல தண்ணி வந்து, "அண்ணே, நீங்க உசுரோடதான கீறீங்க?"ன்னு கேட்டுடுச்சு. கடைசி பெஞ்சுல ஒருத்தன் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுட்டான். எனக்கே சந்தேகம் வந்து மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாத்துக்கிட்டேன். மேடம் கோவமா வந்து அவங்களே வெச்சாங்க. முகம் மாறிடுச்சு. மெள்ள வலது பக்கம் நகத்தினாங்க. அங்க பாருங்க சம்பந்தி, ஜம்முனு அடிச்சுக்கிட்டிருக்கு!

மேடம் பிள்ளைங்களப் பாத்து, "மெடிக்கல் பசங்களா இருந்தா, நான் வரைஞ்ச எடத்துல கேக்குதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க, நானும் சரின்னு விட்டிருப்பேன்"னு சொல்லி அறிவுக்கும் ஹெப்சிபாவுக்கும் கை குடுத்தாங்க. அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பாத்தா, இதயம் மட்டுமில்ல, உள்ள எல்லாமே கண்ணாடியில பாக்குற மாதிரி பக்கம் மாறி இருக்கு. அதுவரைக்கும் என்மேல வரைஞ்ச கல்லீரல், இரைப்பை எல்லாமே தப்பான அட்ரஸ். பொறந்ததுலேருந்தே இப்படித்தான், ஒரு கெடுதலும் இல்ல, நல்லா வேலை செய்யுதுன்னுட்டாங்க. அடுத்த புதன்கிழமை ஒரு வேன் நிறைய டாக்டருங்க வந்து ஆளுக்கொரு தரம் ஜில்லுனு வெச்சுக் கேட்டாங்க. பிரின்சிபால் எனக்கு டீ வாங்கிக் குடுத்தார். நான் அவருக்கு வாங்கிக் குடுத்துதான் பழக்கம், குடிக்கவே கூச்சமாப் போச்சு.

இந்தச் சேதி எப்படி உங்க காதுக்கு வந்திருக்கும்னு எனக்குத் தெரியும். வியாசர்பாடியில பக்கம் மாறியிருக்குன்னு ஏறியிருக்கும், தண்டையார்பேட்டையில நெஞ்சு வலியாயிருக்கும், திருவொற்றியூர்ல ஆபரேஷன், எண்ணூர்ல எறங்கும்போது ஆளு தேறமாட்டான்னு ஆயிருக்கும். நியாயமா ஒன்னு கேக்கறேன். ஜாதகம் பாக்கிற வேலையே நமக்கு வேணாம்னு ரெண்டு வீடும் எவ்வளவு பெருமையாப் பேசி முடிச்சோம்! கிரகம் எங்க இருக்குன்னு பாக்காத நாம, மாமனாருக்கு இதயம் எங்க இருக்குன்னு பாக்கலாமா? செங்கொடிக்கும் மேடம் வெச்சுப் பாத்துட்டாங்க, இடது பக்கம்தான்.

இருந்தாலும் நான் பொண்ணப் பெத்தவன். உடம்புல படம் போட்டுக்கிட்டுப் பிள்ளைங்க முன்னாடி உக்காருறது சம்பந்திக்குக் கவுரவக் குறைச்சல்னா, இனிமே சட்டையக் கழட்டமாட்டேன். மேடத்துக்கிட்ட சொல்லிடறேன். கஷ்டமாத்தான் இருக்கு, மறைக்கல. இத்தனை வருஷமா மணி அடிச்சு எல்லாரையும் கிளாஸுக்குள்ள அனுப்பிட்டு வராண்டாவுலயே நின்னவன் நான். புதன்கிழமை மட்டும் நான்தான் பாடம். எம்பொண்ணுக்காக அத விட்டுடறேன், நிச்சயத்த மட்டும் நிறுத்தாதீங்க.

அண்ணியாருக்கு என் வணக்கமும் மாப்பிள்ளைக்கு என் அன்பும் சொல்லவும். தங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகக் காத்திருக்கும்
கோதண்டம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது செங்கொடி பிடுங்கிப் படிச்சுட்டா. "நைனா, நீ கிளாஸ வுட்டீனா நான் இந்தக் கல்யாணத்தயே வுட்டுடுவேன்"னு சொல்லி அப்பவே உதயாவுக்குப் போன் போட்டா. மாப்பிள்ளை சிரிக்கிறார். உங்ககிட்ட சொன்னதே அவர்தானாம். "எங்க மாமனார டாக்டருங்களே வேன் வெச்சு வந்து பாத்துட்டுப் போறாங்க"ன்னு பெருமையாச் சொல்ல ஆரம்பிச்சாராம், நீங்க பாதியிலயே எழுந்து வேம்பு அண்ணனுக்குப் போன் பண்ணப் போயிட்டீங்களாம். அண்ணியார் நிச்சயத்துக்குப் புடவையே எடுத்தாச்சாம், ஞாயித்துக்கிழமைதானாம், உங்ககிட்ட மட்டும் இன்னும் சொல்லலையாம். ஆகவே மேலே கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்தப் புதன்கிழமை கை நரம்பு வரையறாங்க. சாயம் போவுதோ இல்லையோ, ஞாயித்துக்கிழமை முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பேன், வந்துடுங்க.