என் பூட்ஸுக்கு மலரஞ்சலி

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நான் இரண்டு கால்கள் நீங்கலாக மற்றபடி நலம். அங்கே நீங்களும் அத்தையும் தலை முதல் கால் வரை முழுதாக நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நான் இதுவரை அனுப்பிய எல்லாப் போட்டோவிலும் பின்னால் ஒரே பச்சைச் சுவர் இருப்பதால், பையன் நிஜமாகவே அந்த ஊரில்தான் இருக்கிறானா, இல்லை எங்கேயாவது 'உள்ளே' இருக்கிறானா என்று பெண் வீட்டார் கேட்டதாகப் போனில் சொன்னீர்கள். அது எங்கள் அறைச் சுவர் மாமா. கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவனுக்கு ஊர் என்பது அறை, பஸ், கிடங்கு, மறுபடி பஸ், மறுபடி அறை. இருந்தாலும் நீங்கள் கத்திய கத்தலுக்குப் பயந்து, இன்று விடுமுறை என்பதால், இந்த ஊரில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் போர் நினைவிடத்துக்குக் கிளம்பினேன். செருப்பு வார் அறுந்துபோய் ஒரு வாரம் ஆகிறது. அதனால் கட்டிலுக்கடியில் கைவிட்டு, வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸையே மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்தே அது ஒரு மாதிரி கடித்தது. நின்று நின்று என் கால்தான் வீங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அறையில் என்னோடு இருக்கிற, அதே கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிற குறட்டையிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவன் தன் பெயருக்கு ஏற்ற வேலையில் இருந்தான்.

நினைவிடம் பெரியது மாமா. அகலமான படிக்கட்டு, மேலே கல் வளைவு, அதில் இண்டு இடுக்கு விடாமல் செத்தவர்களின் பெயர். சண்டையைத் தொடங்கியவன் பெயர் எங்கேயும் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் எப்படிக் காலில் போட்டதோடு ஏறுவது? யாரும் சொல்லவில்லை, நான் தானாகக் குனிந்து லேஸை அவிழ்த்துவிட்டேன். பூட்ஸை முதல் படியின் ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு மேலே போனேன். மற்றவர்கள் எல்லாம் பளபளவென்ற ஷூவோடு ஏறியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வழியில் போன ஒருவரைக் கெஞ்சிப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வந்தால், என் பூட்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பூ. சரி, கை தவறி விழுந்திருக்கும் என்று பார்த்தால், ஒரு அம்மா குனிந்து இரண்டாவது பூவை வைக்கிறார். பின்னால் வரிசை. இன்றைக்கு ஏதோ நினைவு நாளாம். ஒரு வழிகாட்டி கையில் மைக்கோடு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான்: "இந்த வருஷம் புதுசா வெச்சிருக்காங்க. பிளந்து கிடக்கிற அந்த முனையைப் பாருங்க. வீடு திரும்பாத ஒருத்தனோட வாய் அது. ஏதோ சொல்ல வருது."

அது சொல்ல வந்தது பசை போடு என்பதுதான். நான் முன்னால் போய் எடுக்கப் பார்த்தேன். வெள்ளைக் கையுறை போட்ட காவலர் குறுக்கே கை நீட்டினார்.

"தொடக்கூடாது தம்பி."

"ஐயா, இது என்னோடது."

"எல்லாரோடதும்தான்," என்றார் உருக்கமாக. கூட்டம் தலையாட்டியது.

"அப்படி இல்லைங்க. நான் காலையில போட்டுட்டு வந்தது."

"உணர்ச்சிவசப்படாதீங்க. தள்ளி நின்னு கும்பிடுங்க."

பூ வைத்த அம்மா என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவதாப்பா?"

"நான்தாம்மா," என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். இதே பூட்ஸோடு நான் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்ததில்லை மாமா. உள்ளே கால் இருக்கும்போது நாற்றம், கால் இல்லாவிட்டால் தியாகம்.

அப்போதுதான் எங்கள் கிடங்கு மேனேஜர் கம்பெனி பெயர் போட்ட மலர்வளையத்தோடு, போட்டோகிராபர் ஒருவரோடு வந்து இறங்கினார். போன மாதம் பிளந்த பூட்ஸைக் கழற்றி அவரிடம் காட்டிப் புதுசு கேட்டவன் நான். "மேஜைகிட்ட கொண்டு வராதே, தள்ளிப் பிடி. இன்னும் நல்லா உழைக்கும்," என்று அனுப்பியவர் அவர். அதே மனிதர் வளையத்தை வைத்தார், இரண்டடி பின்வாங்கினார், தலையைக் குனிந்தார். கண்ணைக்கூட மூடினார். மூடிய கண்ணைத் திறந்ததும் எதிரில் நான்.

"நீயா? என்ன வெறுங்கால்?"

"பூட்ஸ் அங்க இருக்கு சார். இப்பதான் நீங்க வணங்கினீங்க."

அவர் பூட்ஸைப் பார்த்தார். ஓரத்தில் கம்பெனி முத்திரை தெரிந்தது. மூஞ்சி வெளுத்துவிட்டது. போட்டோகிராபர் வேறு, "சார், இன்னொரு தடவை குனியுங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில பூட்ஸ் இல்லாம வந்தா கேட்டைத் தாண்ட முடியாது, தெரியும்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அப்ப புதுசு குடுங்க சார்."

"பழசை ஒப்படைச்சாத்தான் புதுசு. அதுதான் விதி."

"எடுத்துக்கிட்டுப் போங்க சார், நீங்க சொன்னா காவலர் விடுவார்."

அவர் பூவைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்தார். "வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டு, போட்டோவுக்காக மறுபடி குனிந்தார்.

நான் கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்து இதை எழுதுகிறேன். பூட்ஸ் இல்லாவிட்டால் கேட் இல்லை, கேட் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் இல்லை. ஆகவே பெண் பார்க்கும் நாளைத் தள்ளிவைக்கவும். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், நாட்டின் நினைவுச் சின்னத்தில் அவன் பொருள் நிரந்தரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவும். போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டுக் காட்டவும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறேன், இந்தச் சூழ்நிலையில் சற்றுப் பொறாமையோடு.

இப்படிக்கு,
வெறுங்காலோடு நிற்கும் உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குறட்டை எழுந்து, கட்டிலுக்கடியில் துழாவி, "டேய், என் பூட்ஸ் எங்கடா? இது உன்னோடது, எனக்குத் தொளதொளங்குது," என்று கத்துகிறான். காலையிலிருந்து கடித்ததன் காரணம் இப்போதுதான் விளங்கியது. நான் போட்டுப் போனது அவனுடையது. ஆகவே என் வேலைக்கு ஆபத்தில்லை, பெண் வீட்டாருக்குச் சரி சொல்லிவிடவும், மேலே எழுதிய புலம்பலை எல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். என்னுடையதை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதே முனை, அதே பிளவு, எது யாருடையது என்று மேனேஜருக்கு என்ன, எனக்கே தெரியாது. குறட்டைக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷிப்ட். வெறுங்காலோடு நினைவிடத்துக்கு ஓடியிருக்கிறான். பூ வைக்கிற மாதிரி குனிந்து பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று சொல்லி, அந்த அம்மா என் கையில் திணித்திருந்த வெள்ளைப் பூவைக் கொடுத்து அனுப்பினேன்.