திருமுகம் இறங்கும் நேரம்

அலை வைத்தியருக்குக் கொக்கி என்பவன் கொடுக்க வேண்டிய பாக்கி ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது. கையில் இருந்தது அந்தக் கடைசி நாற்பது மட்டும். அதை நீட்டினான். வைத்தியர் தொடவில்லை.

"முழுசா கொடு தம்பி, முழுசா குணமாகும். அரைகுறையா கொடுத்தா அரைகுறையாத்தான் ஆகும்."

எவ்வளவு பெரிய மனது! நாற்பதை வேண்டாம் என்று சொல்கிறவர் எப்படிப் பணத்தாசை பிடித்தவராக இருப்பார்? கொக்கி இதைக் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கொக்கி சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கியை வேலை இல்லாத நாளிலும் இடுப்பில் செருகியிருப்பான். அதனால் அந்தப் பெயர். முப்பது வயதுக்கு மேல் மாலைப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். படித்த பிறகு எதை அச்சில் பார்த்தாலும் நம்பினான். படிக்காதபோது எதைக் காதில் கேட்டாலும் நம்பினான். படிப்பு அவனுக்குச் செய்த நன்மை இது.

முன்பெல்லாம் வேலை வேண்டுமென்றால் கிடங்கு வாசலில் நின்று கத்த வேண்டும். குரல் உள்ளவனுக்கு வேலை. பிறகு நாகரிகம் வந்தது. மறுநாள் வேலைப் பட்டியலைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிடங்கின் இணையப் பக்கத்தில் போடுவார்கள். அடியில் "வருகிறேன்" என்று ஒரு பொத்தான். அதை முந்தி அமுக்கியவனுக்கு வேலை. பிந்தியவன் மறுநாள் வீட்டில் படுத்து மேற்கூரையில் விரிசல் எண்ணலாம்.

தொழிலாளர் குடியிருப்பு முழுவதற்கும் மின்னல் வேக இணைப்பு வந்திருந்தது. சினிமா தங்குதடையில்லாமல் ஓடியது. வெளியூர் மச்சான் பேசினால் அவன் மூக்குமுடி வரை தெரிந்தது. கிடங்கின் பக்கம் மட்டும் வரவில்லை. வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பொத்தான் கண்ணில் படும்போது பக்கத்திலேயே "இடம் நிரம்பிவிட்டது" என்று எழுதியிருக்கும். யாருக்கோ இடம் கிடைக்கத்தான் செய்தது. அந்த யாரோ பெரும்பாலும் கொக்கியாக இருப்பதில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு மகான் வராமல் இருப்பாரா? வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, தோளில் சால்வை, பெட்டி நிறையச் செம்புக் கம்பிச் சுருள்கள். தொழிலாளர் கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வரிசை சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது.

"வேகம் உங்க வாசல் வரைக்கும் வருது. ஆனா பக்கம் வரலை. ஏன்?" என்று கேட்டார் வைத்தியர்.

வரிசையில் நின்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

"நடுவுல கட்டு! அலைக்கட்டு!"

"யாருங்க ஐயா கட்டினது?" என்றான் மொட்டை. கொக்கியோடு ஒரே லாரியில் இறக்குகிறவன்.

"உங்களுக்கு ஆகாதவங்க."

எல்லோரும் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மொட்டை கொக்கியைப் பார்த்தான். கொக்கி மொட்டையைப் பார்த்தான். வைத்தியம் அங்கேயே பாதி பலித்துவிட்டது.

மீதிப் பாதி கண்முன் நடந்தது. வைத்தியர் நோயாளியின் போனை வாங்குவார். சால்வைக்குள் வைத்துத் துடைப்பார். "பழைய சேறு" என்பார். பிறகு கிடங்கின் பக்கத்தைத் திறப்பார். அது ஆமை மாதிரி வரும். கூட்டம் உச்சுக்கொட்டும். உடனே செம்புச் சுருளைப் போனில் மாட்டுவார். கண்ணை மூடுவார். மறுபடி திறப்பார். பக்கம் பளிச்சென்று வந்து நிற்கும்!

"பார்த்தீங்களா?"

பார்த்தார்கள். பணத்தை எடுத்தார்கள். இல்லாதவர்களுக்குக் கடன் உண்டு. கடனுக்குத் தினப்படி வட்டி ஏறும். ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கழியும். கொக்கி பிடித்துக் கொடுத்த ஆட்களை வைத்து இரண்டு லாரி இறக்கியிருக்கலாம். அப்படியும் கழிந்ததைவிட ஏறியதுதான் அதிகம்.

சுருள் மாட்டிய அன்று பக்கம் பறக்கும். மறுநாள் ஆறு மணிக்குப் பழையபடி வட்டம் சுற்றும்.

"கட்டு மறுபடி விழுந்திருக்கு. எதிரி பலமானவன்" என்பார் வைத்தியர்.

தனக்கு இவ்வளவு பலமான எதிரி இருப்பதில் கொக்கிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

கிடங்குக் குமாஸ்தாதான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பட்டதாரி. அவரும் வரிசையில் நின்று சுருள் வாங்கினார். அதோடு விடவில்லை. வைத்தியரின் படத்தைக் காப்பாக இருக்கட்டும் என்று பொத்தானுக்கு மேலேயே போட்டார். தினம் ஒரு புதுப்படம், வைத்தியரே கொடுப்பார். ஆறு மணிக்கு அந்தப் படம் மேலிருந்து கீழாக இறங்கும். முதலில் நெற்றி. பிறகு புருவம். டீ ஆறும் நேரத்தில் மூக்கு. ஆண்கள் அத்தனை பேரும் போனைக் கையில் ஏந்தி, வாயைப் பொத்தி நிற்பார்கள். "திருமுகம் இறங்குது, பேசாதே" என்று அதட்டுவான் கொக்கி. தாடி முடிந்த பிறகுதான் பொத்தான். அதற்குள் இடம் நிரம்பியிருக்கும்.

கொக்கியின் மனைவி வீட்டில் துணி தைப்பவள். எல்லோரும் தையற்காரி என்பார்கள். கணவனுக்கு வேலை கிடைக்காத நாட்களில் அடுப்பு எரிவது அவள் மெஷினால். ஒரு மாலை கொக்கி அந்த மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தான். எண்ணெய் போட்டான். துடைத்தான். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னங்க திடீர்னு மெஷின்மேல இவ்வளவு பாசம்?"

"வைத்தியர் பாக்கிக்குப் பதிலா இதை எடுத்துக்கறேன்னு பெரிய மனசு பண்ணியிருக்காரு. வேரோட கட்டை எடுத்துடுவாராம். அப்புறம் தினம் வேலைதான்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இதை எடுத்துட்டுப் போயிட்டா நாளைக்கு எதைச் சாப்பிடறது? சுருளையா?"

"நம்பிக்கை இல்லாம பேசாதே. நீ இப்படிப் பேசறதாலதான் கட்டு இறுகுது."

"அப்ப ஆகாதவ நான்தானா?"

கொக்கி மறுபடி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். அந்தச் சந்தேகம் அவனுக்கும் ரெண்டு நாளாக இருந்தது.

"சரி, ஒண்ணு கேக்கறேன். அவர் துடைச்சுக் கொடுத்த அன்னைக்கெல்லாம் உங்க பேரையும் ரகசிய எண்ணையும் போன் மறுபடி கேக்குதே, ஏன்?"

"சுத்தமாயிடுச்சுல்ல. சுத்தமானா எல்லாம் மறந்துடும்."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை மறுபடி அடிக்க அவனுக்கு அரை மணி ஆகும். அதையும் பிரார்த்தனை மாதிரி செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் தள்ளுவண்டியோடு வந்தார். வேரோடு கட்டெடுப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. தையல் மெஷின் கூடத்தின் நடுவில் இருந்தது. கொக்கி தானே தூக்கி வந்து வைத்திருந்தான். தூக்குவதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆறு மணி ஆகிப் பட்டியல் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கும் மும்முரத்தில் யாரும் இன்னும் பொத்தானை அமுக்கவில்லை. தையற்காரி எழுந்தாள்.

"ஐயா, மெஷினை எடுத்துக்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். சக்தி உங்க கையிலயா, சுருள்லயா?"

"சுருள்லதான் தங்கச்சி. அதுக்குத்தானே விலை."

"அப்ப நீங்க தொட வேணாம். ஒரு நூல்ல குத்தம் இருக்கான்னு பார்க்க நான் அதே துணியில, அதே ஊசியில, நூலை மட்டும் மாத்தித் தைச்சுப் பார்ப்பேன். அந்த மாதிரி ஒண்ணு செய்யலாமா?"

"தாராளமா" என்றார் வைத்தியர். வேறு என்ன சொல்வார், அத்தனை பேர் பார்க்கிறார்கள்.

மொட்டை அன்று புதுப்போன் வாங்கியிருந்தான். கிடங்கின் பக்கத்தை அதில் இன்னும் திறக்கவே இல்லை. அவள் அதை வாங்கி ஒரு சுருளை மாட்டினாள். போதாதென்று கொக்கியின் சுருளையும் குமாஸ்தாவின் சுருளையும் சேர்த்து மாட்டினாள். போன், கம்பிக்குள் சிக்கிய எலி மாதிரி இருந்தது.

"இப்ப திறங்க அண்ணே."

மொட்டை திறந்தான். வட்டம் சுற்றியது. நெற்றி இறங்கியது. புருவம் இறங்கியது. பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் வாயைப் பொத்தினார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருவழியாகத் தாடி முடிந்தது.

"மூணு சுருள் போட்டும் இவ்வளவு நேரம்" என்றாள் தையற்காரி. எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்தாள். "இப்ப மூடிட்டு மறுபடி திறங்க."

மொட்டை தொட்டான். பக்கம் பளிச்சென்று வந்து நின்றது!

கூட்டம் மேசையை நெருங்கியது.

"சுருள் இருந்தப்ப ஊர்ந்துச்சு. கழட்டினதும் பறக்குது. அப்ப கட்டுப் போட்டதே சுருள்தானா ஐயா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கொக்கிக்கு ரத்தம் கொதித்தது. "அறிவிருக்கா உனக்கு? மூணு சுருளோட சக்தி உள்ள இறங்கிடுச்சு, அதான் பறக்குது!" என்று கத்தினான்.

"அதேதான்! தம்பி புரிஞ்சவர்" என்றார் வைத்தியர்.

தையற்காரி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். திருமணமான ஆண்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை. தன் போனை எடுத்தாள்.

"இதுல சுருள் பட்டதே இல்லை. வைத்தியர் கையும் பட்டதில்லை. இன்னைக்கு இன்னும் திறக்கவும் இல்லை."

திறந்தாள். ஊர்ந்து வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். பறந்து வந்தது.

"இதுக்குள்ள எந்தச் சக்தி இறங்குச்சு?"

கொக்கி வாயைத் திறந்தான். பதில் உள்ளேயே சுற்றியது, வட்டம் மாதிரி.

அப்போதுதான் குமாஸ்தா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, ஒருதரம் வந்த படத்தைப் போன் உள்ளேயே வச்சுக்கும். ரெண்டாவது தரம் எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். மறுநாள் நான் புதுப்படம் போடறேன், அதையும் முதல்லேருந்து இறக்கணும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான் மொட்டை.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சுருள் வாங்கினீங்க?"

"எல்லாரும் வாங்கினாங்களே" என்றார் பட்டதாரி.

"சால்வைக்குள்ள துடைச்சது?"

"உள்ள சேர்த்து வச்சதையெல்லாம் அழிச்சிருக்காரு. அப்பத்தானே முதல் தடவை ஊர்ந்து வரும்."

"தினம் எத்தனை படம் போடறீங்க?" என்றாள் தையற்காரி.

குமாஸ்தா தரையைப் பார்த்தார். "பொத்தானுக்குக் கீழ முதலாளி படம் பதினாலு. பெரிய கேமராவுல எடுத்ததை அப்படியே போட்டுடுவேன். அது எல்லாத்தையும்விடப் பெரிசு வைத்தியர் படம். இத்தனையும் இருக்கறது என் மேசைக்கு அடியில ஒரு பழைய கம்ப்யூட்டர்ல. ஆறு மணிக்கு நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல அதுகிட்டதான் கேக்கறீங்க."

கொக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. வாசல்வரை எட்டு வழிச்சாலை போட்டாயிற்று. அந்த முனையில் ஒரே ஒரு கிழவன், முதுகில் பதினைந்து கருங்கல்லை ஏற்றிக்கொண்டு, அத்தனை வீட்டுக்கும் தனியாளாக நடக்கிறான். சாலை அகலமாக இருந்தால் மூட்டையின் எடை குறையுமா? கிடங்குக்கு லாரி எவ்வளவு வேகமாக வந்தாலும் இறக்குகிறவன் இறக்கினால்தான் இறங்கும். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கியவனுக்கு இது தெரியாதா? தெரியும். கேட்கத்தான் தோன்றவில்லை. கட்டு கட்டு என்று தேடினார்களே, அந்தக் கட்டு தினமும் நெற்றியும் புருவமுமாக அவர்கள் கையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் வாயைப் பொத்தி வரவேற்றார்கள்.

"போய் படம் எல்லாத்தையும் எடுங்க" என்றாள் தையற்காரி.

குமாஸ்தா எதிரே இருந்த கிடங்கு அலுவலக மாடிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் சன்னலிலிருந்து கையசைத்தார். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். முதலாளி இல்லை. திருமுகம் இல்லை. வெறும் பட்டியல், அடியில் பொத்தான். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. கொக்கி முகத்துக்காக இன்னும் காத்துக்கொண்டு நின்றான்.

"அமுக்குங்க!" என்று அதட்டினாள் மனைவி.

அமுக்கினான். மறுநாளைக்கு அவனுக்கு வேலை கிடைத்தது.

இப்போது கூட்டம் வைத்தியர் பக்கம் திரும்பியது. ஒருவன் தள்ளுவண்டியின் சக்கரத்தில் காலை வைத்தான். "எங்க பணம்?" என்றான் மொட்டை. பெட்டி மேசையிலேயே இருந்தது. அதற்குள் இருந்த பணம் வந்த வரிசையிலேயே திரும்பிப் போகத் தொடங்கியது. வைத்தியர் வாசலைப் பார்த்தார். வாசலில் கொக்கி, இடுப்பில் கொக்கியோடு.

"தம்பி, உன் பாக்கியை விட்டுட்டேன். ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது, அதுக்கப்புறம் ஏறினது, மொத்தமும் தள்ளுபடி. இத்தனை பேர் சாட்சி. கொஞ்சம் வழியை விடு."

"ஐயாவுக்கு எவ்வளவு பெரிய மன..." என்று கொக்கி ஆரம்பித்தான். மனைவி திரும்பினாள். மீதியை விழுங்கினான். வழியை விட்டான்.

கடன் தீர்ந்தது. மெஷினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நடக்கும்போதுதான் நினைத்துக்கொண்டான்: இந்தத் தலை இத்தனை வருடமும் சும்மாடு வைப்பதற்கு மட்டுமே பயன்பட்டிருக்கிறது. அன்பர்களே, அவனைப் பார்த்துச் சிரித்தது போதும். உங்கள் தலையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். மேலே எவன் மூட்டை இருக்கிறதோ!