உங்கள் மாப்பிள்ளை குந்தி ஓட்டிய வண்டி

பெக்கான் நானாஸ்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய ராஜசேகரன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகன் வசந்தன் வணக்கத்துடன் எழுதுவது. சிம்பாங் ரெங்கத்தில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் போனுக்கு அனுப்பினால் உங்கள் மகள் ஷாமளா படித்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன். விஷயம் அவள் கணவர் ரூபேந்திரனைப் பற்றியது.

மாப்பிள்ளை கரண்டு வேலையைக் கரைத்துக் குடித்தவர் என்று தீபாவளிக்கு நீங்கள் சொன்னதை நம்பி, எங்கள் அன்னாசி டின் ஃபேக்டரியில் அவரைச் சேர்த்துவிட்டேன். போன புதன்கிழமை, டின் அடுக்கிய தட்டுகளைத் தூக்கி ஓடும் பேட்டரி வண்டி, அதுதான் பேலட் டிரக், சரிவுப் பாதையில் திடீரென்று நின்று, டின்கள் சரிந்து, ஓட்டிய புஷ்பவள்ளி அக்காவின் கால் விரலுக்கு ஓரங்குலம் தள்ளி விழுந்தன. கைப்பிடியைத் தாழ்த்தினால் வண்டி செத்துப்போகிறது, உயர்த்தினால் ஓடுகிறது என்று அக்கா அப்போதே சொன்னார். பதினோரு வருடமாக அதை ஓட்டுகிறவர் சொன்னதை உங்கள் மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. லேப்டாப்பைச் செருகினார். பேட்டரியை மாற்றினார், பியூஸை மாற்றினார், சார்ஜரை மாற்றினார், மூன்றாம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் ஓட்டினால் வண்டி ஓடுகிறது, மேனேஜர் ஓட்டினாலும் ஓடுகிறது, அக்கா தொட்டால் நிற்கிறது. உடனே அறிக்கை எழுதிவிட்டார்: கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவரிடம். மேனேஜர் அதை அப்படியே நம்பி அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் அடித்தார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையிடம் சொன்னார்: "சார், நீங்க ஆறடி. நான் நாலே முக்கால். கொஞ்சம் குந்திக்கிட்டு ஓட்டிப் பாருங்க லா."

மாப்பிள்ளை முதலில் மறுத்தார். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்ததால் டை தரையில் புரளக் குந்தி, கைப்பிடியை அக்காவின் இடுப்பு உயரத்துக்கு இழுத்தார். வண்டி நின்றுவிட்டது. எழுந்தார், ஓடியது. மறுபடி குந்தினார், நின்றது. ஸ்டோரே கூடி நின்று பார்த்தது. அக்கா கைப்பிடியின் அடி மூடியைக் கழற்றிக் காட்டினார். மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்து, மேல்தோல் மட்டும் முழுசாக இருந்த ஒரு வயர். கைப்பிடி தாழ்ந்தால் அறுந்த முனைகள் விலகும், உயர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அதைக் கால் மணி நேரத்தில் மாற்றியாயிற்று.

அதன்பின் வந்த இரண்டாவது அறிக்கையில் "உயர வேறுபாட்டுச் சோதனை" என்ற புதிய முறையில் ரூபேந்திரன் கோளாறைக் கண்டுபிடித்ததாக இருக்கிறது. அக்காவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. எச்சரிக்கைக் கடிதமும் ரத்தாகவில்லை. ஆபீஸில் கேட்கப் போனேன். ஃபைலில் போட்டாயிற்று, எடுக்க முடியாது என்றார்கள்.

ஆகவே மாமா, இந்த மனுஷனை ஓடும் பொருள் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் சேர்த்துவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அத்தைக்கு என் அன்பு. எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உங்கள் ஆசியை நாடும் வசந்தன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். நாளை முதல் ரூபேந்திரன் சார்தான் பராமரிப்புக்கும் நான் வேலை பார்க்கும் ஸ்டோருக்கும் தலைவராம். எனவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. புஷ்பவள்ளி அக்கா காலையில் ராஜினாமா கொடுத்துவிட்டார். சிங்கப்பூரில் இதே வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். பத்து மணியிலிருந்து எங்கள் இன்னொரு வண்டியும் ஓடவில்லை. சார் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று பாராட்டிக்கொண்டிருக்கிறேன்.